பாத்திரம் அல்ல

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பெயரை எழுதப் போவதில்லை. இதை வாசிக்கிற முந்நூறு பேருக்கும் யாரென்று தெரியும். தெரியாதவர்களுக்கு அது முக்கியமுமில்லை. வீட்டில் வைத்திருக்கும் வெண்கலச் சிற்பங்களை எப்படிப் பேணுவது என்பது அவருடைய விஷயம். நம் பத்திரிகையில் இப்படி ஒன்றை ஒருவர் எழுதியதே நல்ல காரியம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். கவிதையில் படிமம் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை போடுகிற நாம், சொந்த அலமாரியில் தூசு படிந்து நிற்கும் படிமத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் சந்தோஷம் இரண்டாம் பக்கம் வரைதான் நீடித்தது.

அவர் சொல்வது சுருக்கமாக இது. தேய்ப்பதே நம் மரபு. வெண்கலத்தின் மேல் காலம் ஏற்றுகிற நிறத்தை ரசிப்பது மியூசியக்காரர்கள் மேற்கிலிருந்து கொண்டுவந்த மோஸ்தர். வெள்ளிக்கிழமை புளியும் உப்பும் போட்டுத் துலக்குகிற பாட்டியின் கையில் இருக்கிற உயிர்ப்பு, தொடாமல் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறவனுக்குச் சித்திக்காது. ஆகவே துலக்குங்கள், பளபளக்கட்டும். கட்டுரையில் 'உயிர்ப்பு' என்ற சொல் பதினோரு முறை வருகிறது. எண்ணினேன்.

இது தனிமனித ரசனை என்று விட்டுவிட முடியாது. தேய்த்துப் போனது திரும்ப வராது. ஒரு மோசமான விமர்சனத்தைப் பத்து வருஷம் கழித்து மறுத்து எழுதலாம்; கவிதை அப்படியே இருக்கும். ஒரு சிற்பத்தின் தோலை உரித்துவிட்டு எந்த மறுப்பும் எழுத முடியாது.

முதலில் மேற்கு என்கிற பூச்சாண்டி. சீனாவில் சோங் வம்சத்துக் காலத்திலேயே (960-1279) அறிஞர்கள் தங்களுக்கு ஈராயிரம் வருஷம் முந்தைய வெண்கலக் கலங்களைத் திரட்டி, அவற்றின் மேல் ஏறியிருந்த பச்சையையும் நீலத்தையும் ரசித்துப் பேசியிருக்கிறார்கள். ரசனை பெருகியதும் போலிப் பச்சை பூசுகிறவர்களும் வந்துவிட்டார்கள். லண்டனில் மியூசியம் என்று ஒன்று எழும்புவதற்குப் பல நூற்றாண்டு முந்தைய சங்கதி இது. நமக்குப் பிடிக்காத எதையும் மேற்கு என்று சொல்லிவிடுவது சௌகரியம்தான். ஆனால் சௌகரியம் வாதமாகாது.

இரண்டாவது, மரபு. இங்கே நண்பருக்குக் கைகொடுக்கக்கூடிய வலுவான ஆதாரம் ஒன்று உண்டு; அதை அவர் கவனிக்கவில்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். தமிழில் இந்த நிறத்துக்கு இருக்கிற சொல் 'களிம்பு'. நல்ல அர்த்தத்தில் அது வழங்கியதே இல்லை. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் ஏறும் களிம்புதான். ஆக, செம்பின் மேல் படிவதை அழுக்காக மட்டுமே பார்க்க நம் மொழியே நம்மைப் பழக்கியிருக்கிறது. பாட்டியின் புளிக்குப் பின்னால் ஒரு தத்துவமே நிற்கிறது என்று நண்பர் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தச் சித்தாந்திகள்கூட, களிம்பு செம்போடு கூடப் பிறந்தது, தேய்த்துப் போக்கக்கூடியதல்ல, அதற்கு ரசகுளிகை வேண்டும் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் உலோகத்தைக் கவனித்திருக்கிறார்கள். நாம் உவமையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நான் நினைப்பது வேறு. தமிழ் வீட்டில் உலோகத்துக்கு இரண்டே இடம்: பூஜையறை, சமையலறை. ஒன்றில் சாமி, ஒன்றில் பாத்திரம். இரண்டுக்கும் ஒரே விதி, துலக்கு. மூன்றாவதாகச் சிற்பம் என்று ஒன்று வீட்டுக்குள் வந்தபோது அதற்கென்று ஒரு விதியை நாம் உண்டாக்கிக்கொள்ளவில்லை. சாமி என்றால் பக்தியோடு துலக்கினோம். இல்லையென்றால் பாத்திரத்தோடு சேர்த்துத் துலக்கினோம். அந்தச் சாமான் பழசாகிவிட்டால் தெருவில் எடைக்குப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிய ஜனங்கள்தானே நாமெல்லாம். இதில் நண்பரும் நானும் ஒரே குட்டைதான். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதை.

1984இல் ஒரு சிற்பி நண்பர் எனக்கு ஒரு காளையைக் கொடுத்தார். ஒரு சாண் நீளம். மெழுகில் செய்து வார்த்தது. கழுத்தைத் திருப்பித் தன் முதுகைத் தானே பார்க்கிற காளை. ஓவியக் கல்லூரியில் படித்தவர், பெயர் பெறாதவர், பெயர் பெற வேண்டும் என்று தெரியாதவர். வார்ப்பு அவருக்கு ஒரு வாரம் பிடித்ததென்றால் நிறம் ஏற்றப் பத்து நாள் பிடித்தது. ஊதுவிளக்கால் உலோகத்தைச் சூடாக்கி, கந்தகக் கரைசலைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்பார். கழுவுவார், மறுபடி சூடாக்குவார். திமிலில் தேன் நிறம், அடிவயிற்றுக்குப் போகப்போக ஈரமண் நிறம், கால் மடிப்புகளில் ஏறக்குறைய கறுப்பு. ஒளி மேலிருந்து விழாத இடத்திலும் காளைக்கு ஒரு நிழல் இருந்தது. நிழலை அவர் உலோகத்திலேயே எழுதிவிட்டிருந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு வந்து புத்தக அலமாரியில் வைத்தேன். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுவருஷம் வேலை நிமித்தம் ஐந்து மாதம் வெளியூர். தீபாவளிக்கு மறுநாள் திரும்பினேன். அலமாரியில் ஒரு மஞ்சள் காளை நின்றது. பஸ் கண்டக்டர் விசில் மாதிரி மின்னியது. அத்தை சமையலறையிலிருந்தே சொன்னாள்: "கரியேறிக் கெடந்துதுடா. ரெண்டு நாள் ஊறப்போட்டுத் தேச்சேன். எம்புட்டு அழுக்கு!" அவள் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கும் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. புளி, அதற்கு மேல் டப்பாவில் வரும் பித்தளை பாலீஷ், தேங்காய் நார். திமிலும் வயிறும் இப்போது ஒரே நிறம். நிழல் போய்விட்டது. கழுத்தின் திருப்பம் இருக்கிறது. அது ஏன் திரும்பியது என்பது இல்லை.

சிற்பி ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார். பார்த்தார். "நல்லாத் தேச்சிருக்காங்க" என்றார். காப்பி சாப்பிட்டார். வேறு என்னென்னவோ பேசிவிட்டுப் போனார். மறுபடி நிறம் ஏற்றித் தருகிறீர்களா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவர் இறந்துபோனார்.

அத்தையின் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குத் தெரிந்த மரியாதையை அவள் செய்தாள். இருபது வருஷமாகப் 'பிரக்ஞை', 'அனுபவம்' என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்த நான், என் வீட்டு மனுஷியிடம் "அத்தை, இதைத் தேய்க்கக்கூடாது, இந்த நிறம் அவர் போட்டது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. அது சொல்லக்கூடியது என்றுகூடத் தோன்றவில்லை. நண்பர் பாட்டியைத் தூக்கிப் பிடிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். பாட்டியிடம் பேசாமல் இருப்பதற்கு இது ஒரு நேர்த்தியான வழி.

ஸ்தபதியே புளி போடுகிறாரே என்று கேட்டிருக்கிறார். போடுகிறார். சுவாமிமலையில் வார்த்து எடுத்த விக்ரகத்தை உளியால் செதுக்கி, அரம் போட்டு, கடைசியில் புளியும் பூந்திக்கொட்டையும் கொண்டு கழுவித் துலக்குவது வழக்கம். அது வேலையின் முடிவு. செய்தவன் தன் கையால் வைக்கிற கடைசிக் காரியம். எழுத்தாளன் கடைசிப் படியில் ஒரு சொல்லை அடிக்கிறான் என்பதால், வாசகன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு சொல்லை அடிக்கலாமா?

கோயில் விக்ரகங்களைப் பற்றி அவர் சொல்வதில் பாதி நிஜம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் கண்ட திருமேனிகளில் மூக்கும் உதடும் விரல்களும் கரைந்து, முகமே நீர் ஓடிய கூழாங்கல் மாதிரி ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தேய்வு அழகானது. அதை அழிவு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. ஆனால் நம்மில் பலர் 'சோழர் வெண்கலம்' என்றதும் மனசில் வைத்திருக்கிற பச்சை, பூஜையில் இருந்த விக்ரகத்தின் நிறமல்ல. அது மண்ணுக்குள் கிடந்த நிறம். 14ஆம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் படையெடுப்புக்கு அஞ்சிப் புதைத்து, பிறகு ஏர்முனையிலும் மண்வெட்டியிலும் அகப்பட்டவை சுமந்து வந்த நிறம். ஆகவே பச்சைதான் அசல், பச்சைதான் பழமை என்கிற ஜம்பத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அது வேறொரு அசட்டுத்தனம்.

அந்த அசட்டுத்தனத்துக்குக் கடை விரித்திருக்கிறார்கள். 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று அட்டை தொங்கும். போன மாதம் வார்த்த நடராஜரின் மேல் அமிலமும் நவச்சாரமும் தடவி, மண்ணில் புதைத்து எடுத்து, ஒரே வாரத்தில் பத்து நூற்றாண்டு ஏற்றிவிடுகிறார்கள். வாங்கிப் போகிறவர் வரவேற்பறையில் கீழிருந்து ஒரு விளக்குப் போட்டு வைக்கிறார். இதில் ஒரு வேடிக்கை: நவச்சாரம் ஒரு குளோரைடு உப்பு. அது உலோகத்தின் துளைகளில் தங்கிவிட்டால், பொய்யாகப் பூசிய முதுமை நிஜமான நோயாக மாறும்.

அந்த நோயைப் பற்றி நண்பர் ஒரு வார்த்தை எழுதவில்லை. வீட்டில் வெண்கலம் வைத்திருக்கிறவனுக்கு மிக அவசியமானது அதுதான். உலோகத்தோடு ஒட்டி, இறுகி, நகத்தால் கீறினாலும் வராத பச்சை ஒரு சாது. அதைத் தொட வேண்டாம். சில இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக, வெளிர்பச்சையாக, தொட்டால் விரலில் ஒட்டும் தூளாக வெளிவந்தால் அது வெண்கல நோய். உப்பிலிருந்து வந்த குளோரைடு உள்ளே செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உட்கார்ந்திருக்கிறது. காற்றின் ஈரமும் பிராணவாயுவும் பட்டதும் அது பச்சைத் தூளாகப் பொங்கி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் அடுத்த செம்பைத் தின்று மறுபடி குளோரைடை உண்டாக்குகிறது. உப்பு செலவாவதே இல்லை. தூளை மட்டும் தேய்த்து எடுத்தால் குழி மிஞ்சும், நோய் அடியில் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்தச் சுற்று ஏறக்குறைய நின்றுவிடும். சென்னையில் வருஷத்தின் பெரும்பாலான நாட்கள் அது 60, 70க்கு மேல்தான். கடற்கரையை ஒட்டிய வீடென்றால் காற்றே உப்பைக் கொண்டுவந்து வைக்கும்.

இப்போது பாட்டியின் சூத்திரத்தைப் பாருங்கள்: புளி, உப்பு, தண்ணீர். புளியின் அமிலம் காப்பாக இருந்த படலத்தைக் கரைக்கிறது. உப்பு குளோரைடைக் கொடுக்கிறது. கையெட்டாத மடிப்பில் தண்ணீர் தங்குகிறது. நோய்க்கு விதை, நிலம், பாசனம் மூன்றும் ஒரே கிண்ணத்தில். குடத்துக்கு இது ஆபத்தில்லை; குடத்துக்கு மடிப்புகள் இல்லை, மறுநாள் மறுபடி கழுவுகிறோம். சிற்பம் முழுவதும் மடிப்பு.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஒன்றை ஏற்படுத்தி, எஸ். பரமசிவன் என்கிற ரசாயன அறிஞரை வைத்து, அங்கிருந்த செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சிகிச்சை செய்தார்களே, அது மேற்கத்திய மோஸ்தருக்காக அல்ல. உள்ளிருந்து உப்பு தின்றுகொண்டிருந்தது. எழும்பூரில் அந்த மண்டபத்தில் நின்று நாம் எத்தனை தடவை மெய்சிலிர்த்திருக்கிறோம்! அந்த ரசாயனக்காரரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம்கூடப் பெரும்பாலும் செய்யாமல் இருப்பது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசு தட்டலாம். எடுக்கும்போது துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியால் பிடிக்கலாம்; வியர்வையிலும் உப்பிருக்கிறது, ஒரு கைரேகை பல வருஷம் நிற்கும். கடைக்காரர் சொல்கிறாரென்று லாக்கர் அடிக்க வேண்டாம். அது எங்காவது ஒரு நூலிழை விரிசல் விடும், ஈரம் அந்த வழியே உள்ளே போய் வெளியே வரத் தெரியாமல் நிற்கும். மெழுகு பூசலாம். ஆனால் தேன்மெழுகு அல்ல. விக்ரகத்தைப் பெற்றெடுப்பது தேன்மெழுகும் குங்கிலியமும்தான் என்றாலும், அந்த மெழுகில் இருக்கிற அமிலம் நாளடைவில் செம்புக்கு ஆகாது. அமிலமில்லாத நுண்படிக மெழுகைத்தான் பாதுகாப்பாளர்கள் பூசுகிறார்கள். வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் தனியே எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்துவிட்டு, தெரிந்தவர்களிடம் கொண்டுபோக வேண்டும். பூஜை விக்ரகமா, பூஜையை நிறுத்தச் சொல்ல நான் யார்? அபிஷேகம் ஆனதும் நல்ல தண்ணீரில் அலசி, மடிப்பெல்லாம் அந்தக் கணமே ஒற்றி உலர்த்துங்கள். அவ்வளவுதான். (தாத்தா காலத்து விக்ரகம் 100 வருஷம் தாண்டியதென்றால் 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி அதைப் பதிவுசெய்திருக்க வேண்டும். துலக்குகிறவர்களில் எத்தனை பேர் பதிவுசெய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.)

'உயிர்ப்பு' பேசுகிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். அங்கே 1951இல் நிலத்தடியிலிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். 1954இல் பழுதுபார்க்க என்று வெளியே அனுப்பினார்கள். பழுதுபார்த்துத் திரும்பி வந்தது அவரல்ல, ஒரு நகல். அசல் கை மாறி மாறி, 1973இல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்தது. வழக்குக்கும் சமரசத்துக்கும் பிறகு 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. களவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. என்னை உறுத்துவது வேறு. கோயிலில் இருப்பது புதுச்சரக்கு என்று அச்சில் சொன்னவர் டக்ளஸ் பாரெட், பிரிட்டிஷ் மியூசியத்துக்காரர், 1965இல். அதுவரை பத்து வருஷம் அந்த நகலின் முன்னால் நின்றவர்கள் எத்தனை பேர்! பக்தன் கவனிக்கவில்லையென்றால் அதில் குற்றமில்லை. அவன் கும்பிட வந்தவன், எதிரே நிற்பது அவனுக்குச் சாமி. கலை, மரபு, உயிர்ப்பு என்று பேசிக்கொண்டு தஞ்சாவூர் ஜில்லா முழுக்கச் சுற்றியவர்களுக்கு என்ன கேடு? உலோகத்தின் தோலைப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை. நமக்கு உருவம் போதும், ஐதீகம் போதும், அதைப் பற்றிய சொல் போதும். தோல் என்பது மேல்பூச்சு, உள்ளே இருக்கிறது தத்துவம் என்று ஆனந்த குமாரசாமியைப் பாதி படித்தவர்களெல்லாம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிற்பத்தில் உள்ளே இருப்பது உலோகம். மற்றதெல்லாம் அந்த அரை மில்லிமீட்டர் தோலில்தான் நடக்கிறது.

தேய்க்கிற பாட்டிக்கும் பாலீஷ் போடுகிற வரவேற்பறைக்காரருக்கும் நோக்கத்தில் வித்தியாசம் உண்டு என்று நண்பர் வாதாடுவார். உண்டு. உலோகத்துக்கு அது தெரியாது. எனக்கு இது உவப்பான முடிவல்ல. பக்தியின் கையும் ஜம்பத்தின் கையும் ஒரே மாதிரி தேய்க்கின்றன என்று எழுதும்போது என் அத்தையின் கை ஞாபகம் வருகிறது. ஆனாலும் அதுதான் நிஜம். கோயிலில் தேய்ந்த முகத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த உருவம் தேய்வதற்கென்றே, தினம் நீராட்டப்படுவதற்கென்றே வார்க்கப்பட்டது. அதைச் செய்தவனும் அதை அறிந்தே செய்தான். என் காளையைச் செய்தவன் அப்படிச் செய்யவில்லை. செய்தவன் எதற்காகச் செய்தான் என்று கேட்காமல் எல்லா வெண்கலத்துக்கும் ஒரே நீராட்டு நடத்துவதற்கு மரபு என்று பெயர் வைக்காதீர்கள்.

காளை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நாற்பது வருஷத்தில் தானாகவே கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. அது அவர் போட்ட நிறமல்ல, என் வீட்டுக் காற்றின் நிறம். இடது காதுக்குப் பின்னால், அத்தையின் விரல் நுழையாத ஒரு பொந்தில், பழைய ஈரமண் நிறம் ஒரு நெல்மணி அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்களுக்கு டார்ச் அடித்துக் காட்டுகிறேன். சிரிக்கிறார்கள்.

அடுத்த இதழில் நண்பர் பதில் எழுதுவார். எழுதட்டும். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய நடராஜரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைதோறும் துலக்குகிறவர், நன்றாகவே மின்னினார். தூக்கிய கால் மின்னியது, திருவாசி மின்னியது. முயலகன் பீடத்தோடு சேருகிற இடுக்கில், முதுகுக்குக் கீழே, வெளிர்பச்சையாகக் கொஞ்சம் தூள். வீபூதி என்று நினைத்திருப்பார். தொட்டுப் பார்த்தேன், விரலில் வந்தது. அவர் உள்ளே காப்பிக்குச் சொல்லப் போயிருந்தார். திரும்பி வந்ததும் பேச்சு வேறெங்கோ போய்விட்டது, சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். முதலில் அவரைத் தண்ணீரிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். பதிலைப் பிறகு எழுதலாம்.